ஏகமனதாக எங்கள் தெரு

இருபது வருடம் கழித்துச் செஞ்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிற குமாஸ்தாவுக்கு அன்றைக்கு வயிற்றுப்போக்கு. அதனால் டைப் அடிக்கிற என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். ஊரின் எதிர்காலத்தில் எனக்குக் கிடைத்த இடம் அது, அலமாரிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே.

அந்த ஆபீஸின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகையிலேயே பாதி எழுத்து உதிர்ந்து போயிருந்தது. அவர்களே வெளியே காட்ட விரும்பாததை நான் ஏன் காட்ட வேண்டும்? தெருவைக் கூட்டுவது, விளக்குப் போடுவது, வரி வாங்குவது என்று மூன்று வேலைகளுக்காக ஏற்பட்ட ஆபீஸ், மூன்றாவதை ஒழுங்காகச் செய்துவந்தது என்றால் போதும். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொரு வயது. தமிழ் டைப்பில் லோயர் முதல் வகுப்பில் பாஸ் செய்திருந்தேன். பெண் என்று அங்கே நான் ஒருத்திதான். என் அப்பா வயதுக்காரர்கள்கூட என்னை 'டைப்பம்மா' என்றார்கள். மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனேன். என் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்கிற சிரமம் வேண்டாம் என்றுதான் அப்படிக் கூப்பிட்டார்கள் என்பது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

எல்லாம் ஒரு அமாவாசையில் ஆரம்பித்தது. மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ், மாட்டு வண்டி, மஞ்சள் துணி கட்டி நடந்து போகிறவர்கள் எல்லோரும் எங்கள் கடைத்தெருவில் வந்து முட்டிக்கொள்வது மாதாமாதம் நடப்பதுதான். கடைத்தெருவில் யாரும் அதை நெரிசல் என்று சொல்வதில்லை. வியாபாரம் என்பார்கள். அந்த மாதம் அதில் பெரிய அதிகாரி ஒருவருடைய ஜீப் மாட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. தேங்காய் விற்கிற ஒரு அம்மா கூடையை ஜீப்பின் முன்பக்கம் இறக்கி வைத்து, அங்கேயே வியாபாரத்தையும் முடித்துக்கொண்டாள் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. உங்கள் ஊருக்கு நீண்டகாலத் திட்டம் என்று ஒன்றும் இல்லாதது ஏன்? தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இருபது ஆண்டுகளுக்கான திட்டம் ஒன்றைத் தயார் செய்யவும்.

தலைவர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலை, மணிலாக்கொட்டை என்று புத்தகத்தில் போடுவதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிற மல்லாட்டை மூட்டைகளில் பாதி அவர் மண்டியில்தான் இறங்கும்.

"இருவது வருஷம் கழிச்சி நம்ம இருப்பமா?" என்று கேட்டார்.

"திட்டம் இருக்கணுங்க" என்றார் ஆபீஸ் அதிகாரி. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த நல்ல மனிதர். நாங்கள் இருப்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பேப்பரில் விளம்பரம் போட்டார்கள். நான்தான் அடித்துக் கொடுத்தேன். நான்கு விண்ணப்பங்கள் வந்தன. நான்காவது வல்லத்திலிருந்து ஒரு ஜோசியர் போட்டது. ஊருக்கே ஜாதகம் கணித்து இருபது வருடப் பலன் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும் என்றால் இவரைவிடத் தகுதியானவர் யார் என்று உறுப்பினர் ஒருவர் உண்மையாகவே கேட்டார். அதிகாரி அதைப் பக்குவமாக எடுத்துக் கோப்பின் அடியில் செருகினார். இன்று யோசித்தால், அந்த ஜோசியரையே போட்டிருக்கலாம். அவர் ஏதாவது பரிகாரம் சொல்லியிருப்பார், வீட்டை இடிக்கச் சொல்லியிருக்கமாட்டார்.

தேர்வு செய்கிற குழுவில் தலைவரையும் சேர்த்து ஐந்து பேர். மண்டி, ஜவுளிக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, எண்ணெய் மில். ஐந்து பேருக்கும் ஊர் என்றால் கடைத்தெரு. அதற்கு வெளியே இருந்ததெல்லாம் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள். அதிகாரி விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். படிப்பு, பட்டம், அனுபவம். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் மூன்றாவது விண்ணப்பத்தை வாங்கி, தாளின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பேப்பரு" என்றார்.

அரை மணி நேரம் இப்படிப் போன பிறகு தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காகிதத்த பாத்து இன்னா தெரியும்? மூட்ட வாயப் பாத்து எவனாவது சரக்கு வாங்குவானா?" என்றார்.

இங்கே மண்டி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அது அத்துப்படி. என் நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்த மண்டியில்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார். விற்க வருகிறவர்கள் நல்ல கொட்டையாகப் பார்த்து மூட்டையின் வாயில் பரப்பி வைப்பார்கள். அதனால் நைனா கையை முழங்கை வரை உள்ளே விட்டு, நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாங்குகிற வியாபாரியின் உள்ளங்கையில் கொட்டுவார். அதற்கு மாதிரிப் பிடி என்று பெயர். வியாபாரி உடைத்துப் பார்ப்பார், பருப்பு திரட்சியாக இருக்கிறதா என்று ஊதிப் பார்ப்பார், இரண்டை வாயில் போட்டு மெல்லுவார், விலை சொல்லுவார். அந்தப் பிடி மட்டும் மூட்டைக்குத் திரும்பாது. கொஞ்சம் வாய்க்குப் போகும், கொஞ்சம் மடிக்குப் போகும், மிச்சம் தரையில் சிதறும். விளைவித்தவன் யாரும் அதைத் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் சொன்னது இதுதான். "ஒரு தெருவு குடுப்போம், மாதிரிக்கு. அந்த ஒரே தெருவுக்கு மூணு பேரும் இருவது வருஷத் திட்டம் போட்டுக்கினு வரட்டும். யாரு பருப்பு திரட்சியா இருக்குதோ அவருக்கு முழு ஊரு."

அதிகாரி அதை மேலிடத்துக்கு 'ஒப்பீட்டு முறைத் தேர்வு' என்று எழுதினார். இன்றைக்கு யோசித்தாலும் அது முட்டாள்தனமான யோசனை இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே புத்திசாலி யோசனை என் தலையில்தான் வந்து விடிந்தது.

எந்தத் தெரு என்ற கேள்வி வந்தது. கடைத்தெரு வேண்டாம், கூட்டம். அதற்கடுத்த தெரு வேண்டாம், பாத்திரக்கடைக்காரரின் மச்சான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கோயில் தெரு வேண்டாம், தேர் வரும். மில் இருக்கிற தெரு வேண்டாம், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து பேருக்கும் ஊரின் முன்னேற்றத்தில் அவ்வளவு அக்கறை, அது பக்கத்துத் தெருவில் நடந்தால் போதும் என்கிற அளவுக்கு.

எங்கள் தெரு சந்தைமேட்டுக்குப் பின்னால் இருந்தது. பதினாறு ஓட்டு வீடுகள். எல்லாம் புறம்போக்கு நிலம், அதாவது சர்க்கார் இடம். யாருக்கும் பட்டா கிடையாது. நைனா பிறந்த காலத்திலிருந்து தெருக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள், வீட்டு வரியும் கட்டினார்கள். வரி வாங்கும்போது அது யாருடைய நிலம் என்று ஆபீஸ் கேட்டதில்லை. தெருவில் குழாய் இல்லை. அம்மா பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் குழாயடிக்குப் போய் ஒரு நாளைக்கு எட்டுக் குடம் சுமந்தாள். நைனா மூன்று வருடமாகச் செங்கல் செங்கலாகச் சேர்த்து முன்பக்கத்தில் ஒரு அறை கட்டியிருந்தார். நான் டைப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது. சுவரில் அவர் ஆணி அடித்து மாட்டியிருந்த ஒரே படம், கண்ணாடி போட்ட என் லோயர் சர்டிபிகேட்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு குழாய். அவ்வளவுதான். இருபது வருடத் திட்டம் போடுகிற மூன்று பேர் வந்து பார்த்தால், மூவரில் ஒருவர் கண்ணிலாவது எட்டுக் குடம் படாமலா போகும்?

"எங்க தெரு இருக்குதுங்க" என்றேன்.

ஐந்து தலையும் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பின. பானை பேசியதாக நினைத்தார்களோ என்னவோ.

"அங்க நம்ம ஆளுங்க யாருக்கும் வூடு வாசல் ஒண்ணும் கெடையாதே?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லீங்க" என்றேன். அதை ஒரு தகுதி மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அப்ப அதையே போடும்மா."

போட்டேன். 'மாதிரித் தெருவாக மேற்படி தெரு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.' யார் சொன்னது என்று குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை. எழுதியிருந்தாலும் என் பெயர் யாருக்கும் தெரியாது.

வீட்டில் போய், நம் தெருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு, அம்மா முதல் குடத்தை வைக்கும்போது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு எந்தப் புடவை கட்டுவது என்பது வரைக்கும் யோசித்திருந்தேன்.

தெருவே மாறிப்போயிற்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட யாரும் அப்படிக் கூட்டியிருக்கமாட்டார்கள். சாணி தெளித்தார்கள், எருமைகளை வேறு பக்கம் கட்டினார்கள், வேலி முள்ளைச் சீராக வெட்டினார்கள். நைனா முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். "வர்றவங்க கண்ணுக்கு வீடு பளிச்சுன்னு தெரியணும்" என்றார்.

முதலில் வந்தவர் ரிட்டையர் ஆன இன்ஜினீயர். ஏரி வாய்க்கால் வேலையிலேயே தலை நரைத்தவர். குடையை ஊன்றிக்கொண்டு இரண்டு நாள் தெருவை நடந்தார். வீட்டுக்கு வீடு நின்று, எத்தனை குடம், மழை பெய்தால் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு நோட்டில் எழுதினார். எங்கள் வீட்டில் மோர் குடித்தார். அம்மா அரை மணி நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். அவள் பேச்சை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் போன பிறகு, "படிச்ச மனுசன்னா இப்பிடித்தான் இருக்கணும்" என்றாள்.

இரண்டாமவர் வேறு ரகம். ஒரு ஊரைத் திட்டமிட வேண்டும் என்றால் மேலே இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தெருவுக்கு வருவதற்கு முன்பே, பங்குனி வெயிலில், உச்சி நேரத்தில், கோட்டை இருக்கிற ராஜகிரி மலைமேல் ஏறினார். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் அந்தக் காரியம் செய்யமாட்டார்கள். எதிரிப் படைகள்கூட யோசித்துத்தான் செய்திருக்கும். இறங்கும்போது கணுக்கால் பிசகி, விறகு பொறுக்க வந்த இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஆபீஸில் விட்டார்கள். மேலேயிருந்து எங்கள் தெரு தெரிந்ததா என்று அதிகாரி கேட்டார். தெரியவில்லையாம். ஊருக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். ராஜாக்கள் ஜனங்களை எங்கே குடிவைத்தார்களோ அங்கேயே விட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவருடைய திட்டம் அத்தோடு முடிந்தது.

மூன்றாமவர் சென்னையிலிருந்து காரில் வந்தார். நல்ல பேப்பர்க்காரர் இவர்தான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, வெளிநாட்டில் படித்த இளைஞர். ஒரு டீ ஆறுகிற நேரம் தெருவில் இருந்தார். ஒரு கால் காரிலும் ஒரு கால் எங்கள் ஊரிலுமாக நின்றபடி, அளவு போட்ட வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். ஆபீஸில் ஒன்றே ஒன்று இருந்தது. அலமாரித் தட்டில் கோப்புகளுக்கு அடியில் விரித்திருந்தார்கள். மேற்குப் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டதால் ஒரு மலை முழுசாகக் காணவில்லை. அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். நைனா வாசலில் நின்று கும்பிட்டார். கறுப்புக் கண்ணாடி வழியாக அது தெரிந்திருக்காது.

இரண்டு வாரத்தில் அவருடைய படம் வந்தது. படம் என்றால் படம்தான். அறுபதடி அகலச் சாலை. இரண்டு பக்கமும் லட்டு உருட்டி வைத்த மாதிரி பச்சை மரங்கள். நடுவில் தண்ணீர் பீய்ச்சுகிற ஊற்று. குடை பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் நடக்கிறார்கள், ஒருத்தி கையில் கயிறு, கயிற்றின் முனையில் நாய். செஞ்சியில் நாயைக் கட்டிக் கூட்டிக்கொண்டு நடக்கிற பெண்ணை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் நாய்தான் மனிதர்களை விரட்டிக்கொண்டு வரும்.

நான் அந்தப் படத்தில் எங்கள் வீட்டைத் தேடினேன். முன் அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் இருந்தது. வீடுகளைப் பிறகு வரைவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தொரு வயதில், முதல் வகுப்பில் பாஸ் செய்தவள், அப்படித்தான் நினைத்தேன்.

தேர்வுக் கூட்டத்தில் இன்ஜினீயருடைய அறிக்கையை முதலில் எடுத்தார்கள். தெருவில் இரண்டு குழாய், ஒரு பக்கம் சாக்கடை, மூன்று விளக்குக் கம்பம். பதினாறு வீடும் அப்படியே. தெருமுனையில் வண்டி திரும்புவதற்காக அங்கே முடிகிற தலைவருடைய மண்டியின் பின்சுவரை மட்டும் மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லியிருந்தார்.

"இருக்கறதையே எழுதி எடுத்துக்கினு வந்துட்டாரு" என்றார் தலைவர். "இதுக்கு ஆலோசகர் எதுக்கு? நம்ம டைப்பம்மாவ கேட்டாலே சொல்லும்."

சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சுவரைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தாண்டியதும் அறிக்கை மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

பிறகு படத்தை விரித்தார்கள். நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தார்கள். ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது பருப்பு" என்றார் தலைவர்.

ஜவுளிக்கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்றார். மளிகைக்கடைக்காரர் அந்த நாய் யாருடையது என்று கேட்டார். இவை தவிர வேறு கேள்வி எழவில்லை. ஊரின் இருபது வருடத்தை ஒருவரிடம் ஒப்படைக்கிற காரியம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு நான் அதிகாரியிடம் போய், "வீடெல்லாம் எங்கங்க சார்?" என்று கேட்டேன்.

"இது மாதிரிதானேம்மா" என்றார் அவர். "மாதிரிக்கு வீடெல்லாம் எதுக்கு?"

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நியமன உத்தரவு போனது. சென்னைக்காரர் உற்சாகமாகப் பதில் போட்டார். முழு ஊருக்கான வேலையைக் கடைத்தெருவிலிருந்து ஆரம்பிப்பதாகவும், கடைகளின் முகப்பை அளக்க ஆட்களை அனுப்புவதாகவும், சாலையின் உண்மையான அகலம் தெரிந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கடைத்தெருவில் ஒவ்வொரு கடையும் நல்லநாள் பெரியநாளில் ஒரு சாண் முன்னால் வரும், மறுபடி பின்னால் போனதே இல்லை. அளந்தால் சாலையில் பாதி கடைக்குள் இருக்கும்.

மறுநாள் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே ஐந்து உறுப்பினர்களும் வாசலில் நின்றார்கள். என் சர்வீஸில் அது ஒரு தடவைதான் நடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது தீர்மானம் தயாராக இருந்தது. ஆலோசகரின் திறமையைக் குழு பாராட்டுகிறது. முழுத் திட்டம் தக்க சமயத்தில் எடுத்துக்கொள்ளப்படும். மாதிரி மிகவும் திருப்தியாக இருப்பதால், முதற்கட்டமாக மாதிரியையே நிறைவேற்றுவது. மேலிடத்துக்கும் மகிழ்ச்சி. திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று கோப்பில் எழுதி, ஜீப்பை மறந்துவிடலாம். தீர்மானம் மறுபடியும் ஏகமனது.

தலைவரை மண்டியில் போய்ப் பார்த்தேன். கோபத்தோடு போனேன், ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதில் பாதி கழன்றுவிட்டது. நைனாவுக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்கிற கை அது. "ஐயா, அது எங்க வூடு இருக்கிற தெருவுங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "உன் வூடு அங்க இருக்குதுன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? எங்க தெருன்னு நீ சொன்னப்ப, தெரிஞ்ச தெருன்னு நெனச்சேன். முன்னாலயே நீ சரியா சொல்லியிருந்தா வேற தெருவு பாத்திருக்கலாமே."

அதைவிட என்னை அவர் ஓங்கி அறைந்திருக்கலாம்.

நோட்டீஸை அதிகாரி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முப்பது நாளுக்குள் சர்க்கார் நிலத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டியது. சிங்கவரம் போகிற வழியில் மாற்று இடம் ஒதுக்கப்படும். வாசகம் ஒன்றுதான், மேலே பெயர் மட்டும் மாறும். ஒன்பதாவது பெயர் நைனாவுடையது. அங்கே வரும்போது விரல் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. வேகம் குறையாமல் அடித்து, உருவி, அடுத்த தாளைச் செருகினேன். நல்ல பயிற்சி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. பியூன் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தை ஆளுக்கொன்று கையில் வைத்திருந்தார்கள். ஆபீஸ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் வருவாள் என்று காத்திருந்தார்கள். நைனா தன்னுடையதை என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டிருக்குது, படி."

படித்தேன். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தபடி முழுக்கப் படித்தேன். தாளைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

"நீ அடிச்சதா?" என்றார் நைனா.

"ஆமா நைனா."

"தப்பு இல்லாம இருக்குதா?"

"இல்லாம இருக்குது."

தலையை ஆட்டினார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. நான் அடிக்கிற தாளை எப்போது பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்வி அதுதான். அன்றைக்கும் பழக்கத்தில் கேட்டார்.

எதிர்வீட்டு அக்காதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஊர்ல இத்தினி தெருவு இருக்குது. நம்ம தெருவ எவன் சொன்னான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறையில் இருந்தவள் நான்தானே. அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"தீர்மானத்துல ஏகமனதாகன்னு போட்டிருக்குது" என்றேன்.

"அப்பிடின்னா?"

"எல்லாரும் சேர்ந்து சொன்னாங்கன்னு அர்த்தம்."

"எல்லாரும்னா யார் மேல கோவப்படறது" என்றார் நைனா. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முப்பது நாளில் பதினாறு வீடும் போயின. முன் அறையின் செங்கலை நைனா ஒவ்வொன்றாகப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார். சிமெண்டு வைத்துக் கட்டியதால் பாதி உடைந்துவிட்டது. அறுபதடிச் சாலை இருநூறு அடி நீளத்துக்குப் போட்டார்கள். சந்தைமேட்டில் ஆரம்பித்து மண்டியின் பின்சுவரில் போய் முட்டி நின்றது. மரம் வரவில்லை, ஊற்று வரவில்லை, நாயும் வரவில்லை. சென்னைக்காரரும் திரும்ப வரவில்லை. அறுவடைக் காலத்தில் மல்லாட்டை வண்டிகள் வரிசையாக நிற்க நல்ல வசதியாக இருந்தது. தலைவர் திட்டம் போட்டு இதைச் செய்தார் என்று சிலர் பேசினார்கள். நான் நம்பவில்லை. அவ்வளவு திட்டம் போடத் தெரிந்திருந்தால் அவருக்கு ஆலோசகரே தேவைப்பட்டிருக்காது.

இன்ஜினீயருடைய அறிக்கை ஆபீஸிலேயே தங்கியது. பழைய வரைபடம் சென்னைக்குப் போய்விட்டதால், அலமாரித் தட்டில் விரிக்கத் தாள் வேண்டியிருந்தது. கோப்பு எடுக்கும்போதெல்லாம் அடியில் நீலப் பென்சிலில் இரண்டு குழாய் தெரியும். ஒன்று எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே.

சிங்கவரம் வழியில் கொடுத்த இடத்தில் குழாயடி இன்னும் தூரம். அம்மா பிறகு எத்தனை குடம் சுமந்தாள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

மறு வருடம் அறுவடையில், ஒரு நாள் மத்தியானம் அந்தச் சாலை வழியாக வந்தேன். மண்டிக்குள் இடம் போதாமல் வெளியிலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா தராசை நிறுத்தியிருந்த இடம், நான் டைப் பாடம் படித்த இடம். கையை முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி வியாபாரியிடம் கொடுத்தார். வியாபாரி நாலை உடைத்தார், இரண்டை மென்றார், மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார். நைனா என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். தெருவைச் சொன்னது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூட்டைகளின் சத்தத்தில் பாதி கேட்காமல் போயிருக்கும், பாதியாவது சொன்னதாக இருந்திருக்கும்.

நைனா போய்ப் பல வருடம் ஆகிறது. எவன் சொன்னான் என்று அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் சாகும்வரை அந்த ஐந்து பேரையும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். அவர்கள் திட்டு வாங்க வேண்டியவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் சர்வீஸில் நான் எழுதியதிலேயே பிழையான தாள் அந்தக் கூட்டக் குறிப்புதான். ஏகமனதாக இல்லை. ஒரு ஆள்தான் சொன்னது, பென்சில் வைத்திருந்த ஆள்.